கேட்காமல் விட்ட மூன்றாவது தடவை

மாடு நாயைப் போல நக்கித் தண்ணீர் குடிப்பதை லவோன் தன் ஐம்பத்தொரு வருஷத்தில் பார்த்ததில்லை.

மாடு குடிக்கும் முறையே வேறு. மூக்குத் துளைகளை மட்டும் மேலே விட்டுவிட்டு வாயை நீரில் அமிழ்த்தும். உதட்டை இறுக்கி உறிஞ்சும். கழுத்தின் அடிப்பக்கம் பந்து பந்தாகத் தண்ணீர் ஏறுவதை நின்று பார்க்கலாம். கறக்கிற மாடு ஒரு நாளைக்கு இருபத்தைந்து கேலன் இப்படி இழுத்துவிடும். குடிக்கிற தண்ணீர்தான் பால். அது குறைந்தால் இது குறையும்.

இப்போது கிழக்கு வரிசையில் நின்ற பத்தொன்பது மாடுகளும் நாக்கை நீட்டி நுனியால் தண்ணீரைத் தொட்டன. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தலையை உதறின. கொஞ்சம் யோசித்து மறுபடி ஒரு நக்கு. எதிரே மேற்கு வரிசையில் இருந்த பத்தொன்பதும் எப்போதும்போலக் குடித்தன. ஒரே கிணறு, ஒரே தீனி, ஒரே கூரை.

தொழுவத்தில் இரண்டு மாடுகளுக்கு நடுவே ஒரு வார்ப்பிரும்புக் கிண்ணம் உண்டு. அதற்குள் ஒரு தகடு. மாடு முகத்தால் தகட்டை அழுத்தினால் குழாய் திறந்து தண்ணீர் வரும். முகத்தை எடுத்தால் நின்றுவிடும். அவள் புருஷன் டெல்மர் கிழக்கு வரிசைக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் கழற்றித் தேய்த்துக் கழுவினான். ஒன்றை மாற்றிப் புதிதே போட்டான். தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினான். சுத்தம் என்று பதில் வந்தது. மாட்டு டாக்டர் வந்து பத்தொன்பது வாய்களிலும் கை விட்டுப் பல்லையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "என் மாடா இருந்தா நானும் குழம்பித்தான் போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் கடைசியில் ஆரம்பித்தது. இது ஜனவரி பாதி. விஸ்கான்சினின் மேற்கு மேடுகளில் அந்த வாரம் வெயில் இருந்தது, சூடு இல்லை. காலையில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு காட்டியது. பால் தொட்டியின் அளவுகோல் டிசம்பரில் தொட்ட கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"இன்னைக்கு எப்படி?" என்று லவோன் கேட்டாள். திங்கட்கிழமைக் காலைக் கறவை.

"பரவால்ல" என்றான் டெல்மர்.

பரவாயில்லை என்பதற்கு அந்த மேட்டில் நிறைய அர்த்தம் உண்டு. அறுவடை அமோகமாக இருந்தாலும் பரவாயில்லை, கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. நார்வேயிலிருந்து வந்த கொள்ளுத் தாத்தாக்கள் கோடரியும் பைபிளும் கொண்டுவந்தார்கள். கூடவே இந்த ஒரு சொல்லையும் கொண்டுவந்திருக்க வேண்டும். டெல்மர் சொன்ன விதத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்று லவோனுக்குப் புரிந்தது. அவன் ஒரு வாரமாகக் கிணற்றடியிலிருந்து ரப்பர் வாளியில் தண்ணீர் சுமந்து கிழக்கு வரிசைக்கு வைத்துக்கொண்டிருந்தான். வாளியில் வைத்தால் அவை ஒழுங்காக உறிஞ்சிக் குடித்தன. அதுதான் புதிரை இன்னும் மோசமாக்கியது.

"தண்ணி நல்லாருக்கு. மாடும் நல்லாருக்கு. கிண்ணமும் புதுசு. அப்புறம் எதுதான் கெட்டுப்போச்சு?" என்று டெல்மர் மாட்டிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

அந்த மாட்டின் பெயர் இங்கா. ஏழு வயது. பிறந்த வாரம் தாய் செத்துப்போனதால் சமையலறை அடுப்புக்குப் பின்னால் வைத்து லவோன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. இப்போது இங்கா கறவைக் குழாயை மாட்டினாலே கால் மாற்றி மாற்றி நின்றது. பாலை விடாமல் மேலே பிடித்துக்கொண்டது. ஒரு காம்பில் பால் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்திருந்தது.

"இவளை அனுப்பிடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாட்டு வியாபாரி வண்டி வருது" என்றான்.

லவோன் இங்காவின் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கும் ஒரு கெடு இருந்தது. டெல்மருக்கு அது தெரியாது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஆள் தேவை. அங்கே தலைமைச் சமையல்காரி மார்லிஸ், லவோனோடு தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவள், போன வாரம் போன் பண்ணியிருந்தாள். காலை ஏழரையிலிருந்து இரண்டு மணி வரை. முன்னூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. நான்கு பெண்கள் நின்றுகொண்டு வம்படித்துக்கொண்டே வேலை செய்யும் இடம். "வெள்ளி மத்தியானத்துக்குள்ள சொல்லிடு லவோன். உனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். ஆனா உனக்குத் தோதுப்படலேன்னா பரவால்ல" என்று மார்லிஸ் சொன்னாள். "யோசிக்கிறேன்" என்று லவோன் சொன்னாள். யோசிக்க எதுவுமே இல்லை. போனை வைத்த கையோடு வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு அந்தச் சமையலறையில் நிற்பதுபோல அவளுக்குத் தோன்றிவிட்டது.

இருபத்தெட்டு வருஷம். காலை ஐந்து, மாலை ஐந்து. மகள் மினியாபொலிஸில் பிள்ளை பெற்றபோது ஒரு நாள் போய் மறுநாள் விடிவதற்குள் திரும்பினாள். அவளுக்கு மாடுகள் பிடிக்காமல் இல்லை. தன்னைக் கேட்காமலே தன் ஒவ்வொரு காலையும் எடுத்துக்கொள்ளப்படுவதுதான் பிடிக்கவில்லை.

டெல்மர் கேட்காமலும் இல்லை. போன செப்டம்பரில் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது வண்டியில் கேட்டான்: "மாட்டையெல்லாம் வித்துடலாமா லவோன்? நீ என்ன சொல்ற?"

"எனக்கென்ன, இருக்கட்டும்" என்றாள் அவள்.

பத்து நாள் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் மறுபடி கேட்டான்: "நிஜமாத்தான் சொல்றியா? கஷ்டமா இருந்தா விட்டுடலாம்."

"கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. உன் இஷ்டம்."

இரண்டு தடவை மறுத்தாயிற்று. மூன்றாவது தடவை கேட்டால் சரி என்று சொல்லலாம் என்று லவோன் காத்திருந்தாள். அக்டோபர் போனது. நவம்பர் போனது. டெல்மர் கேட்கவில்லை.

*

ரோலி பால் வண்டிக்காரன். ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் வந்து, தொட்டிப் பாலைத் தன் டாங்கரில் உறிஞ்சிக்கொண்டு போவான். மேட்டில் நாற்பது தொழுவம் ஏறி இறங்குகிறவன் என்பதால் யார் வீட்டில் எது உடைந்தாலும் அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை அவன் குழாயை மாட்டிவிட்டு வீட்டுக் கதவருகே வந்து நின்றான். டெல்மர் டிராக்டரில் எரு ஏற்றிக்கொண்டு தூரத்து வயலில் இருந்தான்.

"ரோலி, காபி சாப்பிடறீங்களா?"

"ஐயோ வேணாம், வேணாம். வண்டி நிக்குது."

"ஒரு அரை கப்பு?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"போட்டு வச்சதுதான். குடிக்கலேன்னா கொட்டத்தான் போறேன்."

"கொட்டறதா இருந்தா சரி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போறேன்" என்று ரோலி பூட்ஸைக் கழற்றினான். உட்கார்ந்து மூன்று கப் குடித்தான். லெஃப்சா என்கிற நார்வே உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி நான்கு தின்றான். அந்த மேட்டில் முதல் தடவையே காபி வாங்கிக் குடிக்கிறவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். மூன்றாவது தடவை கேட்காத வீட்டைக் கஞ்சர் வீடு என்று பேசும். இரண்டு பக்கமும் தெரிந்த விளையாட்டு. அதனால் யாரும் தோற்றதில்லை.

"பால் குறையுதே லவோன். தொட்டியைப் பார்த்தேன். மாட்டுக்கு என்ன?"

அவள் சொன்னாள். நக்குவதை, தலையை உதறுவதை, வாளியில் வைத்தால் குடிப்பதை.

ரோலி கப்பைக் கீழே வைத்தான். "கரன்ட்டு!"

"என்னது?"

"கரன்ட்டு கசியுது. வடக்குப் பள்ளத்தாக்குல ஒருத்தர் தொழுவத்துல இதே கதை. ரெண்டு வருஷம் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சாரு. மாடு ஒவ்வொண்ணா வித்தாரு. கடைசியில பாத்தா எங்கயோ ஒரு ஒயர் இத்துப் போயிருக்கு. தண்ணிக் கிண்ணத்துல ரெண்டு மூணு வோல்ட்டு. அவ்வளவுதான்."

"ரெண்டு வோல்ட்டா? டார்ச் பாட்டரி அளவா? டெல்மர் ஒரு நாளைக்கு அம்பது தடவை அந்தக் கிண்ணத்துல கை விடறான். ஒண்ணும் தெரியலியே அவனுக்கு."

"எப்படித் தெரியும்? ரப்பர் பூட்ஸு போட்டிருக்கான்ல! உள்ள வந்த கரன்ட்டு தரைக்குப் போக வழி வேணும். நமக்குக் காலுக்கடியில ரப்பரு. மாட்டுக்கு என்ன இருக்கு? மேல ஈர மூக்கு, கீழ நாலு வெறுங்காலு, நனைஞ்ச சிமென்ட்டு. நேர் ரோடு போட்ட மாதிரி. நமக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. அதுக்கு மூக்குலயே அறைஞ்ச மாதிரி."

எறும்பு என்றதும் லவோனின் கை காபிச் சட்டியில் நின்றது.

நவம்பரிலிருந்து அவளுக்கு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கறவை முடிந்ததும் பால் அறையில் மண்டியிட்டு வடிகாலைத் தேய்ப்பாள். கால்சட்டை முட்டியில் நனைந்து ஊறிவிடும். எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பாள். அப்போது கட்டைவிரலில், குளிரில் வெடித்து மாட்டு மடிக்குப் போடுகிற தைலத்தை எத்தனை தடவினாலும் மூடாத அந்தப் பிளவில், சுரீரென்று ஒன்று ஓடும். பாலைக் குளிர்விக்கிற மோட்டார் ஓடும்போது மட்டும். கை நரம்புதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்தாள். ஒரு சுரீருக்காகப் போய்ப் புருஷனிடம் புலம்புவதா என்று விட்டுவிட்டாள்.

"டெல்மர்கிட்டச் சொல்லுங்க. ஒரு மீட்டர் வச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்று ரோலி எழுந்தான். "இன்னொரு லெஃப்சாவா? வேணாம் வேணாம்... சரி, வழிக்கு."

வண்டி இறங்கிப் போனது. லவோன் சன்னலருகே நின்றாள். வயலில் டிராக்டர் பனியின் மீது பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. டெல்மர் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

டெல்மர் வந்தான். கையை அடுப்பில் காட்டினான். "ரோலி வந்தானா?"

"வந்தாரு."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுமில்ல. பால் குறையுதேன்னாரு."

டெல்மர் தலையாட்டினான். "அவ்வளவுதான் போலிருக்கு லவோன். கோடைவரைக்கும் இப்படியே போனா, எல்லாத்தையும் விட வேண்டியதுதான்."

அந்த வார்த்தை. செப்டம்பரிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை, தானாகவே அவன் வாயில் வந்து நின்றது. அவள் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் போதும். பத்தொன்பது மாடு நக்கிக்கொண்டிருந்தால் போதும்.

அவள் சூப்பைக் கிளறினாள்.

*

சும்மா இருப்பது அத்தனை சுலபமாக இல்லை. புதன் மாலை கறவையில் காம்பு துடைக்கிற துணியை எங்கே வைத்தோம் என்று மூன்று தடவை தேடினாள். அது தோளிலேயே இருந்தது. வியாழன் காலை மாவு பிசைந்து, உப்புப் போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டு, ரொட்டியைக் கோழிக்குக் கொட்டினாள். மத்தியானம் அலமாரியெல்லாம் இறக்கித் துடைத்தாள். துடைத்தவுடன் மறுபடி இறக்கினாள்.

எங்கே நின்றாலும் அந்தச் சத்தம் கேட்டது. நக்கு, நக்கு, உதறல். கழுத்துச் சட்டத்தில் சங்கிலி மோதும் சத்தம். இங்கா கிண்ணத்தைப் பார்ப்பாள், லவோனைப் பார்ப்பாள், மறுபடி கிண்ணத்தைப் பார்ப்பாள்.

டெல்மர் வாளி சுமந்தான். ஒரு நடைக்கு இரண்டு வாளி. இரண்டிலும் ஐந்தைந்து கேலன். பனிக்கட்டி படிந்த முற்றத்தில் கால் அகட்டி அகட்டி, வாத்து நடப்பதுபோல நடந்தான். வியாழன் மாலை ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தான். தண்ணீர் கால்சட்டையில் கொட்டிக் கதவுக்கு வருவதற்குள் உறைந்து தகரம்போல் ஆகிவிட்டது.

"அடி பட்டுச்சா?"

"பரவால்ல" என்றான். திரும்பிக் கிணற்றடிக்குப் போனான்.

லவோன் தொழுவக் கதவில் நின்று அவன் முதுகைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் அவன் அரை மணியில் சரிசெய்துவிடுவான். பால் ஏறும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று காலை ஐந்து மணிகள் வரிசையாக வந்து நிற்கும். சொல்லாவிட்டால் இங்கா நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி ஏறுவாள். தேவாலயத்தில் எத்தனையோ ஞாயிறு தன் பாவங்களை அறிக்கையிட்டிருக்கிறாள். ஒருபோதும் குறிப்பாக ஒன்று நினைவுக்கு வந்ததில்லை. இப்போது வந்தது.

*

வெள்ளிக்கிழமைக் காலை கிழக்கு வரிசையை முடித்துக்கொண்டு டெல்மர் வாளிகளை எடுத்தான்.

"வாளியைக் கீழ வை டெல்மர்."

"என்ன?"

"வை சொல்றேன். ஒண்ணு சொல்லணும். நடுவுல எதுவும் பேசாத. பேசினா நான் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிடுவேன்."

டெல்மர் வாளிகளை வைத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு குரலை அவன் கேட்டதில்லை. தொப்பியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"தண்ணில கரன்ட்டு இருக்கு. பால் அறைக் குழாயைத் தொட்டா எனக்குச் சுரீர்னு அடிக்குது. மண்டி போட்டு முட்டி நனைஞ்சிருந்தா மட்டும். கிண்ணத்துலயும் அதேதான். மாட்டுக்குப் பூட்ஸ் இல்ல, அதனால அதுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. வடக்குப் பள்ளத்தாக்குலயும் ஒருத்தருக்கு இப்படி ஆச்சாம். ரோலி சொன்னாரு."

"எப்ப அடிக்குது?"

"நவம்பர்லேருந்து."

"நவம்பரா! ஏன் லவோன், ஒரு வார்த்தை..."

"பேசாதன்னேன்ல. நரம்பு வலின்னு நெனச்சேன். அது ஒரு தப்பு. ஆனா ரோலி புதன்கிழமையே சொல்லிட்டாரு, இது இன்னதுன்னு."

டெல்மருக்குக் கணக்கு ஓடியது முகத்தில் தெரிந்தது. புதன், வியாழன், இன்று. "ரெண்டு நாளா நான் வாளி தூக்கறதைப் பாத்துக்கிட்டா இருந்த?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நேத்து விழுந்தேனே."

"அதையும் பாத்தேன். பால் குறையட்டும்னு இருந்தேன் டெல்மர். நீயா வந்து 'போதும், வித்துடலாம்'னு சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நான் 'எனக்கென்ன, இருக்கட்டும்'னு சொன்னது பொய். 'உன் இஷ்டம்'னு சொன்னதும் பொய். எனக்கு முடியல. மார்லிஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குக் கூப்பிடறா. எனக்குப் போகணும். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும். எனக்கு ரொம்ப, ரொம்பப் போகணும்."

டெல்மர் கவிழ்த்திருந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். மேற்கு வரிசையில் ஒரு மாடு நிம்மதியாகத் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ரெண்டு தடவை கேட்டேன்ல" என்றான்.

"கேட்ட. மூணாவது தடவையும் நீ கேப்பேன்னு பாத்தேன். ஏன் கேக்கல? மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம்?"

அவன் நிமிரவில்லை. "மூணாவது தடவை கேட்டா நீ 'சரி'ன்னு சொல்லிடுவேன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கல."

"ரெண்டு தடவை கேட்டாச்சு, அவளே வேணாம்னுட்டான்னு மனசுக்குச் சொல்லிக்கலாம்ல. அதுக்குத்தான் கேட்டதே" என்றான் டெல்மர். "எனக்கு இதுங்க வேணும் லவோன். காலைல கதவைத் திறந்தா முப்பத்தெட்டு தலையும் திரும்பிப் பாக்குதே, அது வேணும். இது இல்லேன்னா நான் என்ன ஆளுன்னு எனக்கே தெரியல. இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அடப்பாவி" என்றாள் லவோன். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, பாதி வழியில் சிரிப்பாக மாறியது, மறுபடி கோபமானது. "நாலு மாசம்! நாலு மாசம் அந்தக் கேள்விக்காக உக்காந்திருந்தேன்டா நான், காபிக்கு நிக்கற ரோலி மாதிரி!"

"அவனுக்காவது லெஃப்சா கிடைச்சுது."

"சிரிக்காத. நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"நானும்தான்" என்றான் டெல்மர். "தோள் போச்சு எனக்கு. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

"பரவால்லன்னியே!"

"அதுவும் பொய்."

சொல்லிவிட்டு எழுந்தவன், இரண்டு ரப்பர் பூட்ஸையும் உதைத்துக் கழற்றினான். கம்பளிக் காலுறையோடு, இங்காவுக்குப் பக்கத்தில் நனைந்த சிமென்டில் போய் நின்றான். லவோன் பால் அறைக்குப் போய்க் குளிர்விக்கும் மோட்டாரை ஓடவிட்டாள். டெல்மர் குளிரில் வெடித்த தன் விரல்களைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டான்.

"ஹா!" கை தானாக வெளியே வந்தது. மறுபடி விட்டான். மறுபடி வந்தது. பெரிய அடி ஒன்றுமில்லை. ஊசி முனையால் தட்டியதுபோலத்தான். அவன் இங்காவின் ஈர மூக்கைப் பார்த்தான். "இதையா நீ ரெண்டு மாசமா..." என்று அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டான்.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையைக் கிண்ணத்திலும் மற்றதைத் தரையிலும் வைத்தார்கள். நாலு வோல்ட். மோட்டாரை நிறுத்தினால் அரை. மேற்கு வரிசையில் எப்போதும் ஒன்றுமில்லை. டெல்மர் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பிளாஸ்டிக்! போன வருஷம் அந்தப் பக்கம் குழாய் உறைஞ்சு வெடிச்சுதுல்ல, பிளாஸ்டிக் போட்டேன். இந்தப் பக்கம் பழைய இரும்பு. கரன்ட்டு இரும்புலதான் வரும்."

இனி அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போவதுதான் பாக்கி. மின்சாரம் ஒரு கம்பியில் வந்தால் இன்னொரு கம்பியில் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் கம்பி கெட்டுவிட்டால் அது நின்றுவிடாது. கிடைத்த வழியில் போகும். இரும்புக் குழாய், கிண்ணம், மாட்டின் மூக்கு, நான்கு குளம்பு, ஈரத் தரை. டெல்மர் கம்பத்திலிருந்து வரும் மெயினை அணைத்தான். மீட்டரை வைத்து இரண்டு தடவை பார்த்த பிறகே பால் அறைச் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்தான். லவோன் டார்ச் பிடித்தாள். இருபது வருஷம் வெந்நீர் ஆவி பட்டு, திரும்பும் வெள்ளைக் கம்பியின் திருகாணியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டதும் கம்பி ஆடியது.

"இதுவா?" என்றாள் லவோன்.

"இதான்."

"கட்டைவிரல் அளவுகூட இல்ல."

கெட்ட முனையை வெட்டினான். புதுச் செம்பு தெரியும்வரை தோலுரித்தான். புதுக் கவ்வி போட்டு, திருகாணியை மணிக்கட்டு வலிக்கும்வரை இறுக்கினான். மெயினைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, மீட்டர் வைத்தார்கள். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

இங்கா உடனே நம்பவில்லை. நாக்கை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். நின்றாள். மறுபடி நீட்டினாள். பிறகு மூக்குத் துளைகளை மட்டும் மேலே விட்டு வாயை உள்ளே அமிழ்த்தினாள். கழுத்தில் பந்து பந்தாகத் தண்ணீர் ஏறியது. வரிசை நெடுகத் தகடுகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று அழுந்துவதை இருவரும் நின்று கேட்டார்கள்.

டெல்மர் ஈரக் காலுறையோடே நின்றிருந்தான். "மூணாவது தடவை கேக்கறேன் லவோன். வித்துடலாமா?"

"எல்லாத்தையும் வேணாம்" என்றாள் அவள், நிறுத்தாமல். "அதுங்களை நீ விட்டா நீ நீயா இருக்க மாட்ட. ஆனா நான் வர மாட்டேன். காலைலயும் வர மாட்டேன், சாயங்காலமும் வர மாட்டேன். உன் ஒருத்தனால எத்தனை கறக்க முடியும்?"

டெல்மர் வரிசையைப் பார்த்தான். மூன்று கறவை இயந்திரம், ஒரு ஆள், வலிக்கிற தோள். "இருபது. தாராளமா சொன்னா."

"பத்தொன்பது."

"பத்தொன்பது" என்றான் டெல்மர். பாதி மந்தை போவது சின்ன விஷயமில்லை. அவன் அதை மறைக்கவில்லை; கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "ரெண்டு வரிசையிலேருந்தும் நல்லதாப் பொறுக்கிக்கறேன். இங்கா போக மாட்டா."

"அவ போக மாட்டா."

வியாபாரிக்குப் போன் பண்ணி, இன்றைக்கு வண்டி வேண்டாம், நாளைக்குப் பெரிய வண்டியோடு வரவேண்டும் என்று டெல்மர் சொன்னான். அவன் வைத்ததும் லவோன் மார்லிஸைக் கூப்பிட்டாள்.

"வரேன் மார்லிஸ்."

"நல்லா யோசிச்சியா? உனக்குச் சிரமமா இருந்தா வேணாம், நான் வேற யாரையாவது..."

"அதான் வரேன்னு சொல்லிட்டேனே. திங்கட்கிழமை ஏழரை. குல்லாய் நீங்களே குடுப்பீங்களா, நான் வாங்கிக்கணுமா?"

"குல்லாய் இங்கயே இருக்கு" என்று மறுமுனையில் மார்லிஸ் சிரித்தாள்.

பத்து மணிக்கு ரோலி வந்தான். பெட்டியைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், "நான் சொல்லல?" என்று நான்கு தடவை சொன்னான். குழாயை மாட்டிவிட்டு வீட்டுக் கதவருகே வந்து நின்றான்.

"ரோலி, காபி சாப்பிடறீங்களா?"

"ஐயோ வேணாம், வேணாம். வண்டி நிக்குது."

"சரி ரோலி. பாத்துப் போங்க, ரோடு வழுக்குது" என்று லவோன் கதவைச் சாத்தினாள்.

ரோலி படியில் அப்படியே நின்றான். சன்னலைப் பார்த்தான். வண்டி வரைக்கும் போனான். ஏறி உட்கார்ந்தான். இறங்கினான். டெல்மர் தொழுவக் கதவில் நின்று அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, உன் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. காபி வேணும்னா கேளு."

"கேக்கறதா? நானேவா?"

"நீயேதான்."

ரோலி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏறச் சொன்ன பையன்போலச் சிவந்துபோய்க் கதவைத் தட்டினான். "லவோன்... எனக்கு ஒரு கப் காபி வேணும்."

"உக்காருங்க" என்றாள் லவோன். கப் ஏற்கனவே மேஜைமேல் இருந்தது.

பால் அறைப் பெட்டியின் மூடிக்குள் பக்கம், பெயின்ட் உரிந்த இடத்தில், டெல்மர் அன்று பென்சிலால் தேதி போட்டு இரண்டு வரி எழுதினான்: வெள்ளைக் கம்பியின் திருகாணியை ஒவ்வொரு அக்டோபரும் இறுக்க வேண்டும். கை கூசினால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

லவோன் அவன் கையிலிருந்து பென்சிலை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ஒரு தடவைதான் கேட்பது, முதல் பதில்தான் பதில்.